வருஷத்துக்கு ஒரு படிக்கல்

முன்னெச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல எக்ஸெல், வட்டம், மழைக் கணக்கு எல்லாம் வரும். கணக்குன்னாலே காத தூரம் ஓடுறவங்க மாமா வர்ற இடத்தை மட்டும் படிச்சிட்டு "அருமை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

மேட்டர் இதுதான். ஒரே விஷயத்தைக் காட்ட ரெண்டு படம், நாலு படம் போடுறோம். வருஷத்துக்கு ஒண்ணு, இல்லைன்னா பருவத்துக்கு ஒண்ணு. ஒவ்வொரு படத்துலயும் ஊருக்கு ஒரு வட்டப் புள்ளி. மழை அதிகம்னா பெரிய புள்ளி, கம்மின்னா சின்னப் புள்ளி. அப்போ எல்லாப் படத்துலயும் அந்தப் புள்ளிக்கு ஒரே அளவுகோல் இருந்தே ஆகணும். முதல் படத்துல ஒரு விரக்கடை வட்டம் 100 மில்லிமீட்டர்னா, நாலாவது படத்துலயும் ஒரு விரக்கடை வட்டம் 100 மில்லிமீட்டர்தான். 'இருந்தா நல்லாருக்கும்'னு கெஞ்சுற ரகம் இல்லை இது. இல்லைன்னா அந்தப் படம் பொய் சொல்லுது. போட்டவருக்கே தெரியாம சொல்ற பொய்ங்கிறதால அது உண்மை ஆயிடாது.

புள்ளி சைஸுக்குப் போய் இவ்வளவு சூடான்னு கேப்பீங்க. அந்தப் பொய்யைச் சொன்னவன்ல நானும் ஒருத்தன். அதான் சூடு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) ஏற்காட்டுல தலைச்சோலைப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு. பெரிய எஸ்டேட் எல்லாம் இல்லை. நாலு பக்கமும் சில்வர் ஓக் மரம், மரத்துல ஏத்தி விட்ட மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி. சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா காது அடைக்கும். அதுக்கப்புறம் மாமா வீட்டு காப்பி குடிச்சாதான் அடைப்பு போகும். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கதான் கழிஞ்சது.

மாமாகிட்ட ஒரு நோட்டு உண்டு. மழை நோட்டு. தோட்டக்காரங்க பல பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கு. வாசலுக்குப் பக்கத்துல திறந்த வெளியில மழைமானி, தினமும் காலையில அதை எடுத்து அளந்து எழுதுறது. மில்லிமீட்டர் எல்லாம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு, இஞ்சும் சென்ட்டும். அரை இஞ்ச் பெஞ்சா "அம்பது சென்ட்". ஒரு இஞ்ச்சுன்னா 25.4 மில்லிமீட்டர், அதுல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட். காய்ச்சலா இருந்தாலும் மாமா அந்த நோட்டை விட்டதில்லை. அவருக்கு அது வேதம்.

2015 ஐப்பசி கார்த்திகை மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னை மிதந்த வருஷம். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்துப் பாத்தா அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விட 53 சதவீதம் அதிகம். அடுத்த வருஷமே தலைகீழ். 2016ல வழக்கத்தை விட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10ஆம் தேதி தமிழக அரசு எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்ச மாவட்டம்னு அறிவிச்சது. மாமா தோட்டத்துல மிளகுக் கொடி நின்ன நிலையிலயே காய ஆரம்பிச்சது. காப்பிச் செடியாவது தாக்குப் பிடிக்கும், கொடிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அப்பதான் மாமா ஒரு காரியம் பண்ணினார். பக்கத்துத் தோட்டக்காரங்க ஏழெட்டு பேரோட மழை நோட்டையும் வாங்கிட்டு வந்தார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியே, இதை எல்லாம் ஒரு படமா போட்டுக் குடு. நாங்க வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. படம் பாத்தா புரியும்ல" அப்படின்னார்.

புரியும்ல. அந்த வார்த்தை இன்னைக்கும் உறுத்துது.

நான் உக்காந்து எக்ஸெல்ல பபிள் சார்ட் போட்டேன். கிழக்கு மேற்கு ஒரு அச்சு, தெற்கு வடக்கு ஒரு அச்சு, ஒவ்வொரு தோட்டம் இருக்கிற இடத்துலயும் ஒரு நீல வட்டம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மொத்த மழைதான் வட்டத்தோட அளவு. 2015க்கு ஒரு தாள், 2016க்கு ஒரு தாள். சேலத்துல கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் வேற பண்ணிக் குடுத்தேன். அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கே, ஹி ஹி, கேக்காதீங்க.

மாமா அதை எடுத்துட்டு ஒரு கூட்டத்துக்குப் போனார். எங்க, யார் நடத்துனது எல்லாம் வேண்டாம். தப்பு அங்க இல்லை. எதிர்ல இருந்தவர் பொறுமையாவே ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருக்கார். பாத்துட்டுக் கேட்டாராம்: "ரெண்டு வருஷமும் ஒரே மாதிரிதானேங்க பெஞ்சிருக்கு? வட்டம் எல்லாம் அதே சைஸ்ல தானே இருக்கு?"

மாமாவும் குனிஞ்சு பாத்தார். ஆமா. அதே சைஸ்தான்.

"இல்லீங்க, நோட்டுல பாருங்க, நம்பர் வேற"ன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள பின்னால நாலு பேர் நிக்கிறாங்க. அவ்வளவுதான். சாயங்காலம் போன். "மாப்ள, வெயில்ல கொடி காஞ்சது கூடப் பரவால்லடா. அத்தனை பேர் முன்னால புளுகுறவன் மாதிரி நின்னேன் பாரு."

எனக்கு பேச்சே வரலை. தாளை எடுத்துப் பாத்தேன். மாமா நோட்டு பொய் சொல்லலை, மழைமானி பொய் சொல்லலை. நான் போட்ட படம் சொல்லியிருக்கு. லேமினேஷன் பண்ணின பொய்.

என்ன நடந்தது?

எக்ஸெல் பபிள் சார்ட்ல ஒரு வழக்கம் இருக்கு. படத்துல இருக்கிற எண்கள்ல எது பெருசோ அதுக்கு ஒரு குறிப்பிட்ட சைஸ் வட்டம் குடுத்துடும். மத்ததை எல்லாம் அதுக்கு ஒப்பிட்டு வரையும். 2015 படத்துல பெரிய எண்ணுக்கு ஒரு பெரிய வட்டம். 2016 படத்துல அந்த வருஷத்துப் பெரிய எண்ணுக்கும் அதே பெரிய வட்டம். அந்த எண் போன வருஷத்துல கால்வாசி ஆயிடுச்சேன்னு எக்ஸெல்லுக்கு எப்படித் தெரியும்? ஒரு சார்ட்டுக்கு இன்னொரு சார்ட்டோட சங்காத்தமே கிடையாது.

தோட்டத்து எண்ணை விட்டுட்டு, தமிழ்நாட்டு மொத்தக் கணக்கை எடுத்துப் பாருங்க. வடகிழக்குப் பருவத்தோட சராசரி சுமார் 440 மில்லிமீட்டர். 53 சதவீதம் கூடுதல்னா 2015ல ஏறக்குறைய 670. 62 சதவீதம் கம்மின்னா 2016ல 168க்குப் பக்கம். நாலுக்கு ஒண்ணு. இப்ப மூணு விதமா வரைஞ்சு பாக்கலாம்.

ஒண்ணு, சரியான வழி. வட்டத்தோட பரப்பு மழைக்குத் தக்கபடி இருக்கணும். பரப்பு நாலுல ஒரு பங்குன்னா விட்டம் பாதி. 2015க்கு ரெண்டு சென்டிமீட்டர் விட்டம்னா 2016க்கு ஒரு சென்டிமீட்டர். பாத்த உடனே தெரியும்.

ரெண்டு, நான் பண்ணின வழி. 2015க்கும் ரெண்டு சென்டிமீட்டர், 2016க்கும் ரெண்டு சென்டிமீட்டர். வறட்சின்னு ஒண்ணு நடக்கவே இல்லை!

மூணு, வேற மாதிரி கோளாறு. எக்ஸெல்ல வட்டத்தோட அளவு பரப்பைக் குறிக்குதா, அகலத்தைக் குறிக்குதான்னு ஒரு தேர்வு இருக்கு. அகலம்னு வெச்சா 2016க்கு அரை சென்டிமீட்டர் விட்டம் வரும். பரப்புல பாத்தா பதினாறுல ஒரு பங்கு. நாலு மடங்கு வித்தியாசம் பதினாறு மடங்கா ஊதிடும். ஒரு தாள்ல பரப்பு, இன்னொரு தாள்ல அகலம்னு கலந்துட்டா கதை கந்தல்.

எக்ஸெல்லை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆர் மொழியில ஜிஜிபிளாட்2 வெச்சு வரையுறவங்க கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க. அதுலயும் சாதாரணமா சைஸ் ஸ்கேல் விட்டா, அந்தப் படத்துல இருக்கிற சின்ன எண்ணுக்கு 1, பெரிய எண்ணுக்கு 6ன்னு தானாவே நீட்டி விட்டுடும். ஒரே படத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சா எல்லாக் கட்டத்துக்கும் அளவுகோல் ஒண்ணுதான், அது வரைக்கும் நல்லது. தனித்தனிப் படமாப் போட்டா ஒவ்வொண்ணும் தனி ராஜ்ஜியம். பைத்தான் ஆளுங்களுக்கு மேட்பிளாட்லிப்ல இந்தத் தொல்லை கம்மி. அங்க புள்ளியோட பரப்பை நாமளே நேரா குடுக்கலாம், பாயிண்ட் வர்க்கக் கணக்குல. ஒரு பாயிண்ட்ங்கிறது இஞ்சுல 72ல ஒரு பங்கு. ஆனா நம்மாளுங்க என்ன பண்றாங்க? ஒவ்வொரு படத்துக்கும் "அந்தப் படத்துப் பெரிய எண்ணால வகுத்து, இருநூறால பெருக்கு"ன்னு ஒரு வரி எழுதிடுறாங்க. மென்பொருள் பண்ணாத தப்பைக் கையால பண்றது!

படிக்கல் கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில மூட்டை மூட்டையா வியாபாரம் நடக்கிறதைப் பாத்திருக்கீங்களா? அங்க ஒரு கடையில ஒரு கிலோ படிக்கல்லு ஒரு எடை, அடுத்த கடையில வேற எடைன்னு இருந்தா சும்மா விடுவோமா? படிக்கல்லுக்கும் தராசுக்கும் அரசாங்க முத்திரை போடணும்னு சட்டம் இருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை மறு முத்திரையும் போடணும். "எங்க கடைக்குள்ள எல்லாருக்கும் இதே கல்லுதான் சார், பாரபட்சமே கிடையாது"ன்னு கடைக்காரர் சொன்னா ஒத்துக்குவோமா? "உன் கடைக்குள்ள சரிப்பா, நான் ரெண்டு கடையில விலை கேட்டு வாங்குறேனே"ன்னு சண்டைக்குப் போவோம். ஆனா படத்துல மட்டும் வருஷத்துக்கு ஒரு படிக்கல்லு வெச்சிட்டு, "தானா வந்தது"ன்னு கையை விரிக்கிறோம்.

இன்னொண்ணு. ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னு பாத்தா, வானம் தெளிவா இருந்தா தூரத்துல மேட்டூர் நீர்த்தேக்கம் மினுங்கும். அந்த அணையோட முழு மட்டம் 120 அடின்னு நம்ம ஊர்ல டீக்கடைப் பெஞ்சுக்குக் கூடத் தெரியும். பேப்பர்ல இன்னைக்கு மட்டம் இத்தனை அடின்னு பாத்த உடனே, மனசுக்குள்ள 120 வந்து பக்கத்துல நிக்கும். ஒரு நாள், "இந்த மாசத்துல வந்த அதிகபட்சம் எதுவோ அதுதான் முழுசு, மத்ததை அதுக்குத் தக்கபடி காட்டுறோம்"னு போட்டா என்ன ஆகும்? நாப்பது அடித் தண்ணிக்கு "அணை நிரம்பியது"ன்னு தலைப்பு வரும். டெல்டாக்காரன் நாத்து விட்டுட்டு நடுத்தெருவுல நிப்பான்.

வானிலை ஆய்வு மையம் சொல்ற வார்த்தையைக் கவனிங்க. ஒரு நாள்ல 64.5 மில்லிமீட்டர் தொட்டா கனமழை. 115.6 தொட்டா மிக கனமழை. 204.5 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் அதி கனமழை. ராமநாதபுரத்துக்கு ஒரு கனமழை, ஏற்காட்டுக்கு ஒரு கனமழைன்னு கிடையாது. வறட்சி வருஷத்துக்கு இரக்கப்பட்டு எல்லையைக் குறைக்கிறதும் கிடையாது. அதனாலதான் அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பு. வார்த்தைக்கு இவ்வளவு ஒழுக்கம் வெச்சிருக்கோம், வட்டத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

எதிர்வாதிகளுக்கு

இதை நண்பர்கள்கிட்ட சொன்னப்போ வந்த பதில்களையும், அதுக்கு என்னோட மறுப்பையும் வரிசையா போடுறேன்.

"ஓரத்துல அளவுக் குறிப்பு போட்டிருக்கோமே, படிச்சுக்க வேண்டியதுதானே?"

சரிதாங்க. அதையெல்லாம் படிச்சுப் பாத்து மனக்கணக்கு போடணும்னா படம் எதுக்கு? பட்டியலே போட்டிருக்கலாமே. மாமா நோட்டுல அதுதான் இருந்துச்சு. எண்ணைப் படிக்க நேரமில்லாதவங்க ஒரு நொடியில பாத்துப் புரிஞ்சுக்கணும்னுதான் படம் போடுறோம். கண்ணு முதல்ல வட்டத்தைத்தான் பாக்கும். வட்டம் ஒண்ணு சொல்லி, ஓரத்துக் குறிப்பு இன்னொண்ணு சொன்னா, ஜெயிக்கிறது வட்டம்தான். பெரிய எழுத்துல "இலவசம்"னு போட்டு ஓரத்துல பொடி எழுத்துல "நிபந்தனைக்கு உட்பட்டது"ன்னு போடுற விளம்பரத்தைத் திட்டி நாம எத்தனை பதிவு எழுதியிருக்கோம்?

"கம்மியான வருஷத்துல புள்ளி ரொம்பச் சின்னதா ஆயிடுது, பாக்கவே முடியலை. அழகாவும் இல்லை."

பாக்க முடியலைங்கிறதுதானே சேதி! வறட்சி அப்படித்தான் இருக்கும். 2016 தாள் பாக்க வெறிச்சோன்னு இருந்திருந்தா, எதிர்ல இருந்தவர் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். வெறுமையை அழகு பண்றேன்னு போய் அதை மறைச்சிட்டேன். இழவு வீட்டுல போட்டோ எடுக்கிறவன் "கொஞ்சம் சிரிங்க"ன்னு கேக்கலாமா?

"ஒவ்வொரு படமும் தனியா நின்னு பேசணும், இன்னொரு படத்தைச் சார்ந்து இருக்கக் கூடாது."

தனியாவே நிக்கட்டும். தனித்தனித் தாள்ல, தனித்தனி நாள்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத இடத்துல. பக்கத்துல பக்கத்துல கொண்டுவந்து வெச்சுட்டு "ஒப்பிடாதே"ன்னு சொல்றது, இலை போட்டுட்டுச் சாப்பிடாதேங்கிற மாதிரி. ரெண்டு படத்தைப் பக்கத்துல வெச்சா பாக்கிறவன் ஒப்பிட்டே தீருவான்.

"பெரிய வட்டத்தை ஜனங்களால சரியா எடை போட முடியாது. பரப்புக் கணக்குல வரைஞ்சாலும் தப்பாத்தான் பாப்பாங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?"

இது கொஞ்சம் படிச்சவங்க கிளப்புற வாதம். இதுல உண்மையும் இருக்கு. ஜேம்ஸ் ஃபிளானரிங்கிற வரைபட ஆராய்ச்சியாளர் 1950கள்லயே இதை ஆராய்ஞ்சார். வட்டம் பெருசாகப் பெருசாக, நம்ம கண்ணு அதோட பரப்பைக் குறைச்சே மதிப்பிடுது. அதைச் சரிக்கட்ட, விட்டத்தை வர்க்கமூலத்தை விடக் கொஞ்சம் தாராளமா வளர விடணும்னு சொன்னார். அதாவது அடுக்கு 0.5க்குப் பதிலா 0.57. பரப்பா, ஃபிளானரி கணக்கான்னு தாராளமா சண்டை போடலாம், நான் தடுக்கலை. எதை எடுத்தாலும் எல்லாப் படத்துலயும் அதையே எடுங்கன்னுதான் கேக்குறேன். நம்ம கண்ணு கொஞ்சம் மந்தம்ங்கிறதுக்காக வருஷத்துக்கு ஒரு படிக்கல்லு வெச்சுக்கலாம்னு ஆயிடுமா?

"இதெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்குத் தேவை. நாம சும்மா பொழுதுபோக்குக்குப் போடுறது."

நானும் சும்மா பொழுதுபோக்குக்குத்தாங்க போட்டேன்.

வட்டத்தை வெச்சு எண்ணைக் காட்டுறது நேத்து வந்த ஃபேஷனும் இல்லை. வில்லியம் பிளேஃபேர் 1801லயே நாடுகளோட பரப்பளவை வட்டங்களா வரைஞ்சு புஸ்தகம் போட்டார். அத்தனை நாட்டையும் ஒப்பிட முடிஞ்சதுன்னா, எல்லா வட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வெச்சதாலதான். கம்பாஸும் இங்க்குமா வரைஞ்ச காலத்துல, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆரம் என்னன்னு கணக்குப் போட்டே ஆகணும். இப்ப மவுஸை ஒரு தட்டு தட்டினா வந்துடுது. யோசிக்கிற வேலையும் சேந்து போயிடுச்சு.

ஒரு இடத்துல விட்டுக் குடுக்கிறேன்

வாதத்துக்காக வாதம் பண்ணக் கூடாது. தனி அளவுகோல் நியாயமா இருக்கிற இடமும் உண்டு. "இந்தப் பருவத்துல, மலையில எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் கம்மி?"ங்கிறது மட்டும்தான் கேள்வின்னா, தனி அளவுகோல் உதவும். தமிழ்நாட்டுல ஜனவரி பிப்ரவரி ரெண்டு மாசத்து சராசரி மழை மொத்தமே 30 மில்லிமீட்டரை ஒட்டித்தான். வடகிழக்குப் பருவத்தோட 440க்குப் பக்கத்துல அதே அளவுகோல்ல வெச்சா, விட்டம் கிட்டத்தட்ட நாலுல ஒண்ணா சுருங்கிடும். எந்த ஊர்ல கொஞ்சம் கூட, எந்த ஊர்ல குறைச்சல்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். அப்ப அந்தப் படத்தை மட்டும் தனி அளவுகோல்ல போடுங்க. வேற கலர்ல, வேற பக்கத்துல, தலைப்புலயே "இந்தப் படத்தின் அளவு வேறு, மற்றவற்றோடு ஒப்பிட வேண்டாம்"னு கொட்டை எழுத்துல. அதுக்குக் கூச்சப்பட்டா, உள்ளுக்குள்ள ஏமாத்துற எண்ணம் இருக்குன்னு அர்த்தம்.

ஏதோ ஒரு நாள் ஒரு ஊர்ல மட்டும் கொட்டித் தீத்தா? அதுவும் நிஜமான சிக்கல்தான். 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சு. அடுத்த நாள் காலையில அளந்தப்போ மயிலத்துல 51 சென்டிமீட்டர். அதுக்கு மறுநாள் காலையில ஊத்தங்கரையில 50. எங்க மலையிலயும் பேய் மழை. மண்ணு சரிஞ்சு மலைப்பாதைப் போக்குவரத்தே நின்னு போச்சு. அந்த ஒரு வாரத்துக்கு நாளுக்கு ஒரு படம்னு போட்டா, 51 சென்டிமீட்டருக்கு அளவு வெச்ச பிறகு மத்த நாளெல்லாம் கடுகுதான். உடனே கை துறுதுறுங்கும், நாளுக்கு நாள் அளவை மாத்தலாமான்னு. மாத்தினா என்ன ஆகும்? புயல் போன பிறகு லேசா தூறின நாளும் ஊத்தங்கரை மூழ்கின நாளும் ஒரே மாதிரி தெரியும். அது மழையில வீடு போனவனுக்குப் பண்ற அவமரியாதை. வட்டம் கடுகா இருக்கட்டும், பக்கத்துல எண்ணை எழுதிடுங்க. ரெண்டும் சேந்து உண்மையைச் சொல்லும்.

சரி, என்ன பண்ணலாம்?

திட்டிட்டு மட்டும் போனா நல்லாருக்காது. பட்டு தெளிஞ்சதைச் சொல்றேன்.

1. படம் போடுறதுக்கு முன்னாடி எல்லாப் படத்துக்கும் உள்ள எண்களையும் ஒண்ணாக் கொட்டி, மொத்தத்துல பெரிய எண் எதுன்னு பாருங்க. அதுதான் உங்க முத்திரை போட்ட படிக்கல்லு. தாள்ல எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க. அடியில பூஜ்ஜியம்னா பூஜ்ஜியப் பரப்பு.

2. எக்ஸெல்ல போடுறவங்க, ஒவ்வொரு சார்ட்டுலயும் ஒரு ஓரமா அந்தப் பெரிய எண்ணுக்கு ஒரு வட்டத்தைத் தனியாச் சேத்துடுங்க. நான் அதுக்குக் காவல் புள்ளின்னு பேர் வெச்சிருக்கேன். வயலுக்குத் திருஷ்டி பொம்மை மாதிரி. அது நிக்கிற வரைக்கும் மத்த வட்டம் ஊத முடியாது. அதையே உள்ளே நிறமில்லாத வட்டமாக்கி, பக்கத்துல "இவ்வளவு மி.மீ."ன்னு எழுதிட்டா அளவுக் குறிப்பும் ஆச்சு. சார்ட்டோட நீள அகலம் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா காவல் புள்ளியும் சேந்து சுருங்கும்.

3. ஜிஜிபிளாட்2ன்னா, பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் குடுக்கிற பரப்பு ஸ்கேலை எடுத்து, எல்லாப் படத்துக்கும் ஒரே லிமிட்ஸ் குடுங்க. ஒரு எச்சரிக்கை. லிமிட்ஸைத் தாண்டின எண் இருந்தா, அந்தப் புள்ளி படத்துல இருந்தே காணாமப் போயிடும். ஒரு சின்ன எச்சரிக்கை வரி மட்டும் வரும், அதை யார் படிக்கிறா? அதிக மழை பெஞ்ச ஊரே படத்துல இல்லாமப் போற கொடுமை அப்படித்தான் நடக்குது.

4. கியூஜிஐஎஸ்ல வரைபடம் போடுறவங்க, புள்ளி அளவு மில்லிமீட்டர்ல இருக்கா, வரைபட அலகுல இருக்கான்னு பாத்துக்கோங்க. வரைபட அலகுல வெச்சா, பெருசாக்கும்போது புள்ளியும் சேந்து வீங்கும். ஒரு படம் ஏற்காடு மட்டும், இன்னொரு படம் சேலம் மாவட்டம் முழுக்கன்னு போட்டா, ரெண்டுலயும் அதே எண்ணுக்கு வேற வேற வட்டம் வரும்.

5. எல்லாம் சரியாப் பண்ணிட்டு, கடைசியில கட்டுரையில ஒட்டும்போது ஒரு படத்தை ஓரத்தைப் பிடிச்சு இழுத்து இடத்துக்குத் தக்கபடி சுருக்குவீங்க பாருங்க, அங்க போச்சு மொத்த உழைப்பும். பாதியாச் சுருக்கினா விட்டம் பாதி, பரப்பு கால். சுருக்கணும்னா எல்லாத்தையும் சேத்துச் சுருக்குங்க.

6. கடைசியா, படத்தை உங்களுக்குத் தெரிஞ்ச, கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டுங்க. எண்ணை மறைச்சிட்டு, "எந்த வருஷம் மழை அதிகம்?"னு கேளுங்க. அவர் தப்பாச் சொன்னா தப்பு அவர்கிட்ட இல்லை. மாமாகிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா, அன்னைக்கு அவர் அங்க தலைகுனிஞ்சு நின்னிருக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் சித்திரையில மலைக்குப் போனப்போ, ரெண்டு வருஷத்தையும் ஒரே அளவுகோல்ல, ஒரே தாள்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். இடது பக்கம் பெரிய பெரிய வட்டம், வலது பக்கம் சுண்டக்கா. ஓரத்துல காவல் புள்ளி. மாமா திண்ணையில உக்காந்து கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தார். அத்தை எட்டிப் பாத்து, "இது என்ன, ஒரு பக்கம் மட்டும் காஞ்சு கெடக்குது?"ன்னாங்க. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லலை நான்.

மாமா தாளை மடிச்சு மழை நோட்டுக்குள்ள வெச்சார். "இது சரியா இருக்குது மாப்ள. இதை மொதல்லயே போட்டிருக்கலாம்ல?" அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தா கூடப் பரவால்லை.

பி.கு. 1: அந்த லேமினேஷன் தாள் ரெண்டும் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ஒவ்வொரு தடவை சார்ட் போடும்போதும் எடுத்துப் பாத்துக்குவேன்.

பி.கு. 2: நீங்க போட்ட படத்துலயும் இந்தக் கோளாறு இருந்தா, வெக்கப்படாம மாத்திட்டு, "அளவுகோல் திருத்தப்பட்டது"ன்னு கீழ ஒரு வரி போட்டுடுங்க. அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு யாராவது ஒரு மாமா எங்கயாவது போய் நின்னுட்டிருக்கலாம்.